சொந்த ரெகுலேட்டரை நாமே சர்வீஸ் செய்யலாமா? ஸ்கூபா டைவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிலிண்டரில் அடைத்த காற்றை நாம் மூச்சிழுக்கும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தருவது ரெகுலேட்டர். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஓ-ரிங்குகளையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) சீட்டுகளையும் (வால்வு மூடும்போது அழுந்தி வழியை அடைக்கும் சிறு பாகங்கள்) மாற்றி, மறுபடி பூட்டி அளந்து பார்ப்பதுதான் சர்வீஸ். நிறுவனம் அங்கீகரித்த டெக்னீஷியன் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்களும் பெரும்பாலான டைவ் கடைகளும் சொல்கிறார்கள். முறையாகக் கற்றுக்கொண்ட டைவர் தன்னுடையதைத் தானே செய்துகொள்ளலாம், அதற்கான பாகங்களும் கையேடும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை. கழற்றுவது விருப்பம், அளக்கத் தெரிவது கட்டாயம். கழற்றவே போகாத டைவருக்கும் இது பொருந்தும்.

ரெகுலேட்டருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. சிலிண்டரில் மாட்டும் உலோகப் பகுதி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். 200 பார் அழுத்தத்தில் வரும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 9 அல்லது 10 பார் அதிகம் என்ற அளவுக்கு அது இறக்குகிறது. இதற்கு இடைநிலை அழுத்தம் என்று பெயர். வாயில் கடிக்கும் பகுதி செகண்ட் ஸ்டேஜ். நாம் இழுக்கும்போது உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் உள்வாங்கி ஒரு நெம்புகோலை அழுத்துகிறது, வால்வு திறக்கிறது, காற்று வருகிறது.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பிஸ்டன் வகையில் ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒரு சீட், சில ஓ-ரிங்குகள். ஸ்கூபாப்ரோ எம்கே2 போன்ற எளிய வடிவத்தில் அசையும் முக்கியப் பாகமே அந்தப் பிஸ்டன் ஒன்றுதான். டயாஃப்ரம் வகையில் பாகங்கள் சற்று அதிகம்; ஆனால் கடல்நீர் உள் இயக்கத்தைத் தொடாது. 1943-ல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் எமில் கக்னானும் அக்வாலங்கை உருவாக்கியபோது, போர்க்காலத்தில் கார்களை மரவாயுவில் ஓட்டுவதற்காகச் செய்த ஒரு வால்விலிருந்துதான் தொடங்கினார்கள். அதன் பிறகு வடிவம் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் ஸ்பிரிங், சீட், டயாஃப்ரம் என்ற அடிப்படை இன்றும் அதே இயந்திரவியல்தான். மின்னணுவும் இல்லை, மென்பொருளும் இல்லை.

உயிரைத் தாங்கும் கருவியாயிற்றே, நான் தவறாகப் பூட்டினால் கீழே போனதும் காற்று நின்றுவிடாதா?

இந்தப் பயம் நியாயமானது. அதனால் கோளாறு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயர் அழுத்த சீட் தேய்ந்தாலோ கீறல் விழுந்தாலோ, இடைநிலை அழுத்தம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலான செகண்ட் ஸ்டேஜ் வால்வுகள் காற்று வரும் திசையிலேயே திறக்கும் அமைப்பு கொண்டவை. அழுத்தம் அளவு மீறினால் வால்வு தானாகத் தள்ளப்பட்டு காற்று கொட்டும். அதாவது அடிக்கடி நேரும் கோளாறில் காற்று நிற்பதில்லை, நிற்காமல் வருகிறது. அதிலும் ஆபத்து உண்டு. ஆழத்தில் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். ஆனால் கொட்டும் ரெகுலேட்டரிலிருந்து மூச்சு எடுப்பதை ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைப் படிப்பிலேயே கற்றுத் தருகிறார்கள்.

காற்று குறைவதும் நின்றுபோவதும் அரிது. ஆனால் நடக்காதது அல்ல. வடிகட்டி துருவால் அடைபடலாம். துணி போலப் பின்னிய வளையும் ஹோஸ்கள் சிலவற்றில், உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் குழாய் வெப்பக் கடல்களில் சிதைந்து, படிகம் போலத் திரண்டு வழியை அடைத்திருக்கிறது. இதைப் பற்றி டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் எச்சரித்திருக்கிறது. நம் பக்கத்துக் கடல்கள் வெப்பக் கடல்கள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜை எவ்வளவு கச்சிதமாக சர்வீஸ் செய்தாலும், ஹோஸுக்குள் இருக்கும் அடைப்பு அதில் தெரியாது.

அதே அமைப்பின் ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை அலசியது. விபத்தைத் தொடங்கிவைத்தது எது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்று போதாமல் போனது; கருவி சார்ந்த சிக்கல் 15 சதவீதம். அந்த 15-லும் கருவியைத் தவறாகப் பயன்படுத்தியது சேர்ந்தே இருக்கிறது. ரெகுலேட்டரை அலட்சியப்படுத்தலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் கேஜைப் பார்க்கும் பழக்கம்தான் முதல் பாதுகாப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட டெக்னீஷியன் செய்தால் கவலையே வேண்டாம்தானே?

நல்ல டெக்னீஷியன் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ரெகுலேட்டர்களைத் தொட்ட கைக்கு இருக்கும் நிதானம் புத்தகத்தில் வராது. ஆனால் அந்தத் திறமை அனுபவத்தில் வந்தது, சான்றிதழில் வந்தது அல்ல. நிறுவனங்கள் நடத்தும் டெக்னீஷியன் பயிற்சி பெரும்பாலும் ஓரிரு நாள் வகுப்புதான். அதை முடித்துவிட்டு முதல் ரெகுலேட்டரைத் தொடுபவரும் அங்கீகரிக்கப்பட்டவர், இருபது ஆண்டு செய்தவரும் அங்கீகரிக்கப்பட்டவர். அட்டையில் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றையும் டைவர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரெகுலேட்டர் சர்வீஸ் முடிந்து வந்த கையோடு கசியும். புது சீட் இன்னும் படிந்திருக்காது, ஓ-ரிங் ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கும், டயாஃப்ரம் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்காது. பிரித்துப் பூட்டிய எந்த இயந்திரத்துக்கும் இது பொது. அதனால் யார் சர்வீஸ் செய்தாலும் நேராகக் கடல் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். முதலில் நீச்சல் குளத்திலோ ஆழமில்லாத இடத்திலோ ஒரு முறை இறங்குங்கள்.

கடையில் கொடுத்தால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: இடைநிலை அழுத்தம் எவ்வளவு, மூச்சிழுக்கும்போது வால்வு திறக்க எவ்வளவு விசை பிடிக்கிறது. இந்த இரண்டு எண்களையும் எழுதித் தருபவர் அளந்திருக்கிறார். "எல்லாம் ஓகே" என்று மட்டும் சொன்னால் நீங்களே அளந்து பாருங்கள்.

சட்டப்படி தவறா? வாரண்டி போய்விடுமா?

அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்த ரெகுலேட்டரைப் பிரிப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. வாரண்டி வேறு விஷயம். வாழ்நாள் முழுக்க உதிரிபாகம் இலவசம் என்று சில நிறுவனங்கள் தரும் திட்டங்களுக்கு, குறித்த இடைவெளியில் அங்கீகரிக்கப்பட்ட கடையில் சர்வீஸ் செய்ததற்கான பதிவு வேண்டும். நீங்களே செய்தால் அந்தச் சலுகையை இழக்க நேரிடும். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

உதிரிபாகங்களை ஏன் நமக்கு விற்க மறுக்கிறார்கள்?

அவர்கள் சொல்லும் காரணம் பொறுப்பு. யாரோ ஒருவர் தவறாகப் பூட்டி இறந்துபோனால் வழக்கு நிறுவனத்தின் மேல் வரும் என்கிறார்கள். இழப்பீட்டு வழக்குகள் மலிந்த அமெரிக்கச் சந்தையில் அது பொய்யான பயம் அல்ல. சர்வீஸ் வருமானம் சிறு டைவ் கடைகளைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதும் உண்மை. கடை மூடினால் சிலிண்டர் நிரப்பவும் இடம் இருக்காது.

ஆனாலும் இந்தப் பூட்டு பாதுகாப்பைக் கூட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. சரியான சீட்டையும் ஓ-ரிங்கையும் விற்க மறுத்தால் பிரிப்பவர் பிரிக்காமல் இருந்துவிட மாட்டார். அளவு ஏறக்குறையப் பொருந்தும் எதையோ ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போடுவார், அல்லது ஆன்லைனில் யார் செய்தது என்றே தெரியாத கிட்டை வாங்குவார். முறுக்கு அளவுகளும் பாகங்களின் படமும் உள்ள சர்வீஸ் கையேட்டை மறைத்தால் ஊகத்தில் இறுக்குவார். மறைப்பதுதான் ஆபத்தை உண்டாக்குகிறது. வேறு வழி சாத்தியம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஹாக் என்ற நிறுவனம் டைவர்களுக்கே சர்வீஸ் வகுப்பு நடத்தி, முடித்தவர்களுக்கு கிட் விற்றது. டீப் 6 என்ற நிறுவனமும் டைவர்களுக்குப் பாகங்கள் தருகிறது. படித்துவிட்டு வா, பாகம் தருகிறேன் என்பது நேர்மையான ஏற்பாடு.

பழுது பார்க்கும் உரிமை என்பது இப்போது பல துறைகளில் பேசப்படும் விஷயம்தான். இந்தியாவில் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய ரைட் டு ரிப்பேர் தளம் விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவற்றைத் தான் எடுத்துக்கொண்டது. டைவிங் கருவிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

கழற்றாமலேயே என்னென்ன பார்க்கலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் ஒரு இடைநிலை அழுத்த கேஜ் வாங்குங்கள். கைக்கு அடங்கும் பொருள், விலையும் அதிகமில்லை. பி.சி.டி.யில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) காற்றடிக்கும் ஹோஸின் முனையில் அப்படியே சொருகிக்கொள்ளலாம். சிலிண்டரை மெதுவாகத் திறந்து முள்ளைக் கவனியுங்கள். பெரும்பாலும் 9 பாருக்கும் 10 பாருக்கும் இடையே எங்கோ வந்து அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். செகண்ட் ஸ்டேஜின் முகப்பில் இருக்கும், கையால் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்தினால் முள் சற்று இறங்கி, விட்டவுடன் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். சில நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் சீட் போய்விட்டது, அந்த ரெகுலேட்டரோடு தண்ணீரில் இறங்க வேண்டாம். எம்கே2 போன்ற சமன்படுத்தாத பிஸ்டன் வகையில், சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஒரு அளவும் குறைந்திருக்கும்போது வேறு அளவும் காட்டும். அது கோளாறு அல்ல, அதன் இயல்பு.

இன்னொன்று வெற்றிடச் சோதனை. சிலிண்டர் வால்வை மூடி, பர்ஜ் அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, மவுத்பீஸில் வாயை வைத்து இழுங்கள். இழுக்க இழுக்க இறுகிப்போய்க் காற்று துளியும் வரக்கூடாது. வந்தால் டயாஃப்ரமோ வெளிமூச்சு வால்வோ எங்கோ கிழிந்திருக்கிறது அல்லது ஒழுங்காக உட்காரவில்லை. தண்ணீருக்குள் இதே வழியில்தான் தண்ணீர் வாய்க்கு வரும். படகில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் செய்யலாம். அரை நிமிடம் ஆகாது.

செகண்ட் ஸ்டேஜ் எவ்வளவு லேசாகத் திறக்கிறது என்பதை அளக்கக் கடைகளில் விலை கூடிய கருவி இருக்கும். வீட்டில் ஒரு அகலமான பாத்திரத்துத் தண்ணீர் போதும். சிலிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, மவுத்பீஸ் மேலே பார்க்கும்படி செகண்ட் ஸ்டேஜை மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள். ஒரு கட்டத்தில் உஸ்ஸென்று காற்று கசியத் தொடங்கும். அந்த நேரத்தில் டயாஃப்ரம் தண்ணீர்ப் பரப்புக்கு எத்தனை செ.மீ. கீழே இருக்கிறதோ, அத்தனை செ.மீ. நீரின் அழுத்தத்தில் வால்வு திறக்கிறது என்று பொருள். நன்றாகச் சரிசெய்த ரெகுலேட்டர் பெரும்பாலும் 2.5-லிருந்து 4 செ.மீ.க்குள் திறக்கும், ஆக்டோபஸை (அவசரத்துக்கு வைத்திருக்கும் இன்னொரு செகண்ட் ஸ்டேஜ்) கொஞ்சம் இறுக்கமாகவே வைப்பார்கள்.

அப்புறம் வடிகட்டியின் நிறம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழையும் வாயில் தெரியும் சிறு உலோக வட்டு அது. பச்சை படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. கருப்பு என்றால் கம்ப்ரஸர் வடிகட்டியில் சந்தேகம் வரவேண்டும். எங்கே காற்று நிரப்பினீர்கள் என்று யோசியுங்கள். ஹோஸ்களை உலோக முனையோடு சேரும் இடத்தில் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மவுத்பீஸைப் பிடித்திருக்கும் கட்டு உறுதியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த எண்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் இன்னும் நல்லது. ரெகுலேட்டர் பெரும்பாலும் சொல்லாமல் கெடுவதில்லை. போன முறை 9.5-ல் நின்ற முள் இந்த முறை 10.3-க்கு ஏறினால் அதுதான் அது சொல்லும் விதம்.

சரி, கழற்றிப் பழகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே தொடங்குவது?

நீங்கள் இப்போது டைவ் செய்யும் ரெகுலேட்டரில் தொடங்காதீர்கள். பழைய எளிய ஒன்றை வாங்குங்கள். எம்கே2-ஓ, யு.எஸ். டைவர்ஸின் பழைய கான்ஷெல்ஃபோ பழகுவதற்கு ஏற்றவை. அதைப் பல முறை பிரித்துப் பூட்டி, எண்கள் தொடர்ந்து சரியாக வந்த பிறகு உங்களுடையதைப் பற்றி யோசியுங்கள். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தால் அதற்கு ஈடில்லை.

கருவிகளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஓ-ரிங் எடுக்க எஃகு ஊசி கூடாது. பித்தளையோ பிளாஸ்டிக்கோ வேண்டும். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒரு மெல்லிய கீறல் விழுந்தால் அது கசிந்துகொண்டே இருக்கும், மொத்த உடலையே மாற்ற வேண்டிவரும். பிஸ்டனின் கூர்விளிம்பும் அப்படியே. அதை மேசையில் தட்டிக்கூட வைக்காதீர்கள். முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர், கொக்கி ஸ்பேனர், உடலைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, நல்ல வெளிச்சம், வெள்ளைத் துணி விரித்த மேசை இவ்வளவும் வேண்டும். பிரிக்கும் ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையின் போக்கில் இரண்டு இடங்களில் கவனம் அதிகம் தேவை. செகண்ட் ஸ்டேஜில் ஆரிஃபிஸை (சீட் வந்து மூடும் காற்றுத் துளை) திருகிச் சரிசெய்யும்போது பர்ஜை அழுத்திப் பிடித்து, சீட்டை விலக்கி வைத்துக்கொண்டு திருக வேண்டும். இல்லாவிட்டால் புது சீட்டை அதுவே வட்டமாக வெட்டிவிடும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜை முதல் முறை அழுத்தத்தில் சோதிக்கும்போது செகண்ட் ஸ்டேஜ் ஒன்று கட்டாயம் மாட்டப்பட்டிருக்க வேண்டும். உள்ளே தவறு இருந்து அழுத்தம் எகிறினால் அது வெளியேற இருக்கும் வழி அந்த வால்வுதான். வழி இல்லாவிட்டால் ஹோஸோ கேஜோ வெடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிலிண்டரை மிக மெதுவாகத் திறங்கள்.

பூட்டியதும் வேலை முடியவில்லை. பர்ஜை அழுத்தி விட்டு அழுத்தி விட்டு சீட்டைப் படிய வையுங்கள். மொத்தத்தையும் அழுத்தத்தோடு தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மறுநாள் மறுபடி கேஜை மாட்டி அளங்கள். இரண்டு நாளும் ஒரே எண் வந்தால் குளத்துக்குக் கொண்டுபோகலாம்.

வினிகர், சிலிகான் கிரீஸ் எல்லாம் போதுமா?

பச்சைப் படிவத்தைக் கரைக்க, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் பல டெக்னீஷியன்களே பயன்படுத்துவதுதான். நேரம் அதிகமானால் குரோம் பூச்சு கெடும். அதனால் கண் வைத்துக்கொண்டே இருந்து, சில நிமிடங்களில் எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரப்பர் பாகங்களை அதில் போடாதீர்கள். கிரீஸ் விஷயத்தில் கை கட்டி வையுங்கள்: ஓ-ரிங் மினுமினுக்கும் அளவு போதும். ஆக்சிஜனுக்கு ஏற்ற கிறிஸ்டோலூப், ட்ரைபோலூப் போன்றவற்றைத்தான் நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன; விலை அதிகம், ஆனால் ஒரு சிறு குழாய் நெடுங்காலம் வரும். சமையல் எண்ணெய், வாசலின், வண்டிக்குப் போடும் கிரீஸ் எதுவும் கூடவே கூடாது.

எதில் கை வைக்கவே கூடாது?

சிலிண்டரும் அதன் வால்வும். அது அழுத்தக் கலன், அதற்குத் தனிச் சட்டமும் காலமுறைச் சோதனையும் உண்டு. இந்தியாவில் 2016-ம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளின் கீழ் வருகிறது. 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கலந்த வாயுவுக்கான ரெகுலேட்டர் இன்னொன்று. அழுத்தத்தில் பாயும் ஆக்சிஜன் ஒரு துளி எண்ணெயைப் பற்றவைக்கப் போதும். வெளிவிட்ட மூச்சையே சுத்திகரித்து மறுபடி தரும் ரீபிரீதர் முற்றிலும் வேறு உலகம்.

இன்னொருவருடைய ரெகுலேட்டரும் இந்த வரிசையில்தான். நண்பர் எவ்வளவு கேட்டாலும் செய்து தராதீர்கள். உங்கள் கருவியில் நீங்கள் எடுக்கும் முடிவின் விளைவை நீங்கள் சுமக்கிறீர்கள். அவருடையதில் அவர் அறியாமலே சுமக்கிறார். மாணவர்களுக்கும் வாடகைக்கும் கொடுக்கும் கருவிகளை அங்கீகரிக்கப்பட்டவரிடம் கொடுத்துப் பதிவோடு வாங்குவதுதான் முறை.

ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம் பிரித்தே ஆக வேண்டுமா?

ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ குறித்த எண்ணிக்கை டைவுக்குப் பிறகோ முழு சர்வீஸ் என்று இப்போது பல நிறுவனங்களே சொல்கின்றன. எண்கள் நிலையாக இருக்கும் ரெகுலேட்டரைக் காலண்டரைப் பார்த்துப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எண்கள் மாறினால் ஆறு மாதமானாலும் பிரிக்க வேண்டும். பல ஆண்டுகள் அலமாரியில் தூங்கியதை, எண்கள் நன்றாக வந்தாலும், ஓ-ரிங் மாற்றாமல் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒவ்வொரு டைவுக்கும் பிறகு தூசி மூடியை இறுக மூடி, நல்ல தண்ணீரில் ஊற வைத்து அலசுங்கள். சிலிண்டரில் மாட்டாத நிலையில் தண்ணீருக்குள் பர்ஜை அழுத்தாதீர்கள்; அழுத்தினால் வால்வு திறந்து உப்புத்தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்வரை போகும்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவ் செய்கிறேன். என் பிராண்டுக்கு அருகில் சர்வீஸ் இல்லை. என்ன செய்வது?

வாங்கும் முன்பே இதை யோசிக்க வேண்டும். நீங்கள் டைவ் செய்யும் சென்டரில் எந்த பிராண்டைப் பயன்படுத்துகிறார்களோ அதையே வாங்கினால் பாகமும் கையும் அங்கேயே இருக்கும். ஏற்கெனவே வேறு வாங்கிவிட்டீர்கள் என்றால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அளந்துவிடுங்கள். கூரியரில் அனுப்பிச் சரிசெய்து திரும்பப் பெறவும் நேரம் இருக்கும். பயணப் பையில் கேஜ், சில ஓ-ரிங், ஒரு மவுத்பீஸ், அதன் கட்டு, ஒரு ஹோஸ் இருக்கட்டும். படகில் முள் ஏறுவதைப் பார்த்தால் சென்டரில் வாடகை ரெகுலேட்டர் ஒன்று கேட்டு வாங்கி, அதே கேஜை அதிலும் மாட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.